பாரிஸில் முதல் வீடு: கடிதப்பெட்டியில் உங்கள் பெயரும் இருக்கட்டும்

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கணவருக்குப் பாரிஸில் மென்பொருள் வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போதைக்கு பாரிஸுக்கு வடக்கே உள்ள சார்செலில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறார். ஆகஸ்டில் எட்டு வயது மகளோடும் மூன்று வயது மகனோடும் இவர் போய்ச் சேர வேண்டும். வாடகை வீடு இன்னும் அமையவில்லை. "அக்கா, முதல் வீட்டை எப்படி அமைத்துக்கொள்வது? எதை எடுத்துப் போவது, எதை இங்கேயே விடுவது? பிள்ளைகளின் பள்ளி என்ன ஆகும்? எனக்குப் பிரெஞ்சு வராது. இங்கே கணக்கர் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன், அங்கே நாள் முழுவதும் தனியாக என்ன செய்வேன்?" இதுதான் கேள்வி.

பாரிஸின் வடக்குப் புறநகரில் 19 ஆண்டுகள் குடும்பம் நடத்திவிட்டு, மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக முத்தியால்பேட்டைக்குத் திரும்பியவள் நான். புறப்படும் குடும்பங்கள் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே: "கடவுச்சீட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது? எடுத்துக் காட்டுங்கள்."

ஏன் என்று சொல்கிறேன். நம் ஊரில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நின்று சத்தமில்லாமல் இருக்கும். அங்கே அதுவே குடும்பப் பெயராகி முன்வரிசைக்கு வந்துவிடும். என் தகப்பனார் கோவிந்தசாமி. இங்கே நான் 'கோ.' என்ற ஒற்றை எழுத்தோடு வளர்ந்தவள். அங்கே போன மூன்றாவது வாரம் பல்வலி தாங்காமல் ஒரு மருத்துவர் வீட்டு முன்னறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து வந்த பெண் "மதாம் கோவிந்தசாமி" என்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். என் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'மதாம்' என்று வரும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர் உள்ளே போய்த் திரும்பிய பிறகுதான் எழுந்தேன்.

பல்வலியோடு அது முடிந்திருந்தால் பரவாயில்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் கடிதப்பெட்டிகளில் எங்கள் பெட்டியின் மேல் என் கணவர் பெயர் மட்டுமே ஒட்டியிருந்தது. அரசு அலுவலகங்களிலிருந்து எனக்கு வரும் கடிதங்களோ கடவுச்சீட்டில் உள்ளபடி என் தகப்பனார் பெயரில் வந்தன. பெட்டியில் அந்தப் பெயர் இல்லை, ஆகவே 'இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்ற முத்திரையோடு இரண்டு கடிதங்கள் திரும்பிப் போய்விட்டன. அவற்றில் ஒன்று என் குடியிருப்பு அட்டைக்கான அழைப்பு. அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் அலைந்தேன். தபால்காரர் மேல் குற்றம் இல்லை. அங்கே பெட்டியில் பெயர் இல்லாதவர் அந்த வீட்டில் இல்லாதவர், அவ்வளவுதான். சாவி கைக்கு வந்த அன்றே நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், கணவர் பெயருக்குக் கீழே கடவுச்சீட்டில் உள்ளபடி உங்கள் குடும்பப் பெயரையும், பிள்ளைகளுடையது வேறாக இருந்தால் அதையும் எழுதி ஒட்டுவது. பால் காய்ச்சுவது அதற்குப் பிறகு.

பிரான்சில் ஒருவர் பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரைத் தாங்கக்கூடாது என்ற சட்டம் 1794ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திருமணமான பெண் கணவர் பெயரைப் புழக்கப் பெயராக வைத்துக்கொள்ளலாம், ஆனால் கோப்பில் பிறப்புப் பெயர்தான் இருக்கும். நம் ஊருக்கு இது புதிதல்ல. 1881ஆம் ஆண்டு ஆணையின் கீழ் சொந்தச் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரிக்காரர்கள், அப்போதே குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெயர்களோடு இன்றும் நம் தெருக்களில் குடும்பங்கள் இருக்கின்றன. 1962இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட வீடுகளுக்கும், நாம் சொல்தா வீடு என்று சொல்லும் பழைய படைவீரர் குடும்பங்களுக்கும் இந்தக் கணக்கு தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். உங்களைப் போல இந்தியக் கடவுச்சீட்டோடு வேலைக்காகப் போகும் குடும்பங்கள்தான் அங்கே போய் விழிக்கின்றன.

எனவே புறப்படுவதற்கு முன் பாருங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் நிரப்பி வாங்குங்கள். இரண்டு பிள்ளைகளின் கடவுச்சீட்டிலும் அது ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கட்டும். பிறப்புச் சான்றில் பெற்றோர் பெயர் தலைப்பெழுத்தாக இல்லாமல் முழுதாக இருக்கட்டும், திருமணச் சான்றிலும் அப்படியே. ஓர் எழுத்து மாறினாலும் அங்கே அது வேறு ஆள். பிறகு இந்தச் சான்றுகளுக்கு, வெளிநாட்டில் அவை செல்லும் என்று உறுதிசெய்யும் அப்போஸ்தில் முத்திரை வாங்க வேண்டும். அதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது. புதுச்சேரி அரசின் சான்றொப்பம் முதலில், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை அடுத்து, அதன் பிறகே மொழிபெயர்ப்பு. வரிசை மாறினால் முத்திரையில் இருப்பதை மறுபடி மொழிபெயர்க்கக் காசு கொடுக்க நேரும். மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தவராக இருக்க வேண்டும். நன்றாகப் பிரெஞ்சு தெரிந்த நண்பர் எழுதித் தருவது செல்லாது.

விசாவைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒட்டி வரும் தாளில் குறிப்பு என்ற இடத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சில விசாக்களை வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிந்து உறுதிசெய்தால் போதும். சிலவற்றில் 'கார்த் தெ செழூர் ஆ சொலிசித்தே' என்று இருக்கும். வந்து இரண்டு மாதத்துக்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். கணவர் திறமையாளர்களுக்கான 'தலான்' வகை அனுமதியில் போயிருந்தால் நீங்கள் அதன் குடும்ப வகையில் போவீர்கள். அந்த அட்டை உங்களுக்கும் வேலை செய்யும் உரிமை தருகிறது. இதைப் பலர் மனைவியிடம் சொல்வதே இல்லை, தெரியாமல்தான். நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளைச் சுற்றுலா விசாவில் அழைத்துப் போய்விட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளைகள் முறைப்படி குடும்பமாக வந்ததற்கான காகிதம் இல்லாமல், குழந்தைகளுக்கான உதவித்தொகை வழங்கும் காஃப் அலுவலகத்தில் பல வீடுகள் ஆண்டுக்கணக்கில் முட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி வீடு. கணவர் அண்ணன் வீட்டில் இருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. அங்கே எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று கேட்பார்கள். வங்கிக் கணக்குக்கு முகவரி வேண்டும், வீட்டுக்கு வங்கிக் கணக்கு வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு வழி, தங்க இடம் கொடுத்தவர் 'இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, தம் அடையாள அட்டையின் நகலும் மின்கட்டண ரசீதும் சேர்த்துத் தரும் தாள். அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான் என்பார்கள். நீங்கள் போய் இறங்கியதும் உங்கள் பெயருக்கும் தனியாக ஒன்று எழுதி வாங்குங்கள். கணவருக்குக் கொடுத்தது உங்களுக்கு உதவாது.

வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் இருக்கிறதா என்று வீட்டு உரிமையாளர்கள் பார்ப்பார்கள். கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வரிக் காகிதம், சில சமயம் பிணை நிற்பவர். பிணைக்கு ஆள் இல்லையென்றால் விசால் என்ற இலவசப் பிணை உண்டு. 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், சில நிபந்தனைகளோடு மற்ற வேலையாளர்களுக்கும் கிடைக்கும். காகிதங்களை ஒரே கட்டாக ஒழுங்குசெய்ய தொசியே ஃபாசில் என்ற அரசுத் தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். வங்கிக் கணக்கின் வரவு செலவுத் தாளைக் கேட்க உரிமையாளருக்கு உரிமை கிடையாது, 2015ஆம் ஆண்டு ஆணை அதைத் தெளிவாகச் சொல்கிறது. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் போட்டால் சாவி தபாலில் வரும்" என்று எழுதுகிறவன் திருடன்.

தளவாடங்கள் உள்ள வீடா, வெறும் வீடா என்று கேட்பீர்கள். முதல் ஆண்டுக்குத் தளவாடங்கள் உள்ளதை எடுங்கள் என்பேன். வாடகை கூடத்தான். முன்பணமும் இரண்டு மாத வாடகை வரை கேட்கலாம், வெறும் வீட்டுக்கு ஒரு மாதம்தான். ஆனால் படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் எல்லாம் இருந்தாக வேண்டும் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது, காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு போதும். வெறும் வீடு என்றால் அடுக்களையில் ஒரு தொட்டியும் குழாயும் மட்டுமே இருப்பதும் உண்டு. பள்ளி எப்படி, பக்கத்து வீடு எப்படி, ரயில் எப்படி என்று தெரியாமல் முதல் வீட்டில் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டுச் சோபாவும் கட்டிலும் வாங்கி நிரப்பியவர்கள் பலர் பிறகு வருந்தினார்கள்.

பார்க்கப் போகும்போது சுவர் நிறத்தைப் பார்க்காதீர்கள். வீட்டின் வெப்பத் தரத்தை ஏ முதல் ஜி வரை ஏழு படிகளாகப் பிரித்து விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். கடைசிப் படியில் உள்ள வீடுகளை 2025 ஜனவரி முதல் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது. கடைசிக்கு முந்தைய படி இன்னும் சந்தையில் இருக்கிறது. அதிலும் மின்சாரத்தால் சூடேற்றும் பழைய வீடென்றால், வாடகையில் மிச்சம் பிடித்த பணம் குளிர்காலத்தில் மின்கட்டணமாகப் போய்விடும். கட்டடம் முழுவதற்கும் பொதுவான வெப்ப ஏற்பாடு இருந்து, அதன் செலவும் மாதச் செலவுக்குள் அடங்கியிருந்தால் முதல் குளிர்காலத்தை நிம்மதியாகக் கடக்கலாம்.

சாவி வாங்கும் நாளில் 'எத்தா தெ லியே' என்று வீட்டின் நிலையை எழுதிக் கையெழுத்திடும் சடங்கு ஒன்று உண்டு. அன்று உங்கள் கணவர் தனியாகப் போகக்கூடாது, நீங்களும் போங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள். சன்னல் ஒவ்வொன்றையும் சாத்திப் பாருங்கள். அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை இருக்கிறதா, சுவரில் எத்தனை ஆணித் துளை, தரையில் எங்கே கீறல் என்று எண்ணி எழுதவையுங்கள், படம் எடுங்கள். விட்டுப்போனதைப் பத்து நாளுக்குள் சேர்க்கச் சொல்லலாம். எழுதாத துளை எல்லாம் காலி செய்யும் அன்று நீங்கள் போட்ட துளை. வீட்டுக் காப்பீட்டுச் சான்று இல்லாமல் சாவி தரமாட்டார்கள், அதை முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். மின் இணைப்பை இருவர் பெயரிலும் வாங்குங்கள். திருமணமானவர்கள் வாழும் வீட்டின் வாடகை ஒப்பந்தம், ஒருவர் மட்டும் கையெழுத்திட்டிருந்தாலும் சட்டப்படி இருவருக்கும் உரியது. ஆனால் ஒரு வரிசையில் நின்று "இங்கேதான் வசிக்கிறேன்" என்று காட்ட வேண்டிய நேரத்தில் உங்கள் கையில் இருக்கப்போவது மின்கட்டண ரசீதுதான். அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.

இப்போது வீட்டுக்குள்ளே வருகிறேன். நம் பெண்களுக்கு அங்கே முதல் மாதம் சிக்கல் வருவது தண்ணீரால். அந்த வீடுகளில் அடுக்களையிலும் குளியலறையிலும் தரையில் நீர் போகும் துளை கிடையாது. தொட்டிக்குள் விழும் நீர் மட்டுமே வெளியேறும். இது தெரியாமல் வெள்ளிக்கிழமை காலை ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பெருக்குமாறால் தேய்த்தேன். தண்ணீர் போக வழி இல்லாமல் சுவரோரமாகத் தேங்கியது. பழைய துணியால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தபோதே கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ் வீட்டு மூதாட்டி இரவு உடையோடு நின்று விரலால் மேல்கூரையைக் காட்டினார். அவர் வீட்டுக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கூரையில் தேநீர் நிறத்தில் ஒரு தீவு விரிந்துகொண்டிருந்தது. காப்பீடு இருந்ததால் செலவு போகவில்லை. ஆனால் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு சொல்கூடத் தெரியவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது. மாலையில் கேசரி கிளறி எடுத்துப் போனேன். பிறகு அவர்தான் எனக்கு முதல் பிரெஞ்சு வாத்தியார். தரையை ஈரத்துணி மாட்டிய துடைப்பத்தால்தான் துடைக்க வேண்டும். ஆடிவெள்ளிக்கும் அப்படியே.

நீருக்கு அடுத்தது புகை. வீட்டுக்கு வீடு புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். புதுவீட்டில் கற்பூரமும் சாம்பிராணியும் ஏற்றினால் அது அலறிவிடும். அதற்காகக் கழற்றி வைத்துவிடாதீர்கள். சன்னலைத் திறந்துவைத்துக் கருவிக்குத் தள்ளிச் சின்னதாக ஏற்றுங்கள். மூன்றாவது ஈரம். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டு, உள்ளேயே துணி காயப்போட்டு, உள்ளேயே சாம்பார் கொதிக்கவிட்டால் ஜனவரிக்குள் சுவர் மூலையில் பூஞ்சை படரும், பிள்ளைகளுக்கு இருமல் வரும். எவ்வளவு குளிரானாலும் காலையில் பத்து நிமிடம் எல்லா சன்னல்களையும் திறந்து காற்றை மாற்றுங்கள். காற்றுத் துளைகளை அடைக்கவே கூடாது. பாரிஸ் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். குழாயிலும் கெட்டிலிலும் படியும் வெள்ளைக்கு வெள்ளை வினிகரை விட நல்ல மருந்து இல்லை.

இரவு பத்து மணியிலிருந்து காலை ஏழு வரை சத்தம் கூடாது என்பது எல்லோரும் மதிக்கும் வழக்கு. மாவரைக்கும் கிரைண்டர் பழைய மரத்தரையில் ஓடினால் கீழ் வீட்டில் இடி இடிப்பது போல இருக்கும். சனிக்கிழமை முற்பகலில் அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு அரையுங்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், நம் மிக்சி ஓடும். பிளக் மட்டும் வேறு. மலிவான அடாப்டரில் நாள்தோறும் மிக்சி ஓட்டாமல், அங்கே ஒரு மின்பணியாளரிடம் பிளக்கையே மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்பு இண்டக்ஷனாக இருந்தால் அலுமினியக் குக்கரும் மண்சட்டியும் அதில் சூடேறாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரமாகப் பார்த்து எடுத்துப் போங்கள். ஒரு சின்னக் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனால் போதும்.

பள்ளியைப் பற்றி நீங்கள் பயப்படுவதைவிடக் குறைவாகப் பயப்படலாம். அங்கே 2019 முதல் மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம், ஆகவே மகனுக்கும் இடம் உண்டு. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. பதிவு பள்ளியில் நடக்காது, ஊரின் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில்தான். நம் கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து மறுபடி கட்டப்பட்ட மேரி கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே மேரி. முகவரிச் சான்று, பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை மூன்றும் கேட்பார்கள். வகுப்பு, பிறந்த ஆண்டின்படி முடிவாகும். செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளி திறக்கிறது. ஆகஸ்டில் அலுவலர்களும் விடுமுறையில் இருப்பார்கள், ஆகவே ஆகஸ்ட் முதல் வாரமே போய்ச் சேருவது நல்லது.

மகள் பிரெஞ்சு தெரியாமல் வருகிறாள் என்பதைப் பதிவின்போதே சொல்லுங்கள். அப்படி வரும் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு உண்டு. பாதி நேரம் அங்கே மொழி கற்றுக்கொண்டு, மீதி நேரம் தன் வயதுப் பிள்ளைகளோடு கணக்கும் உடற்பயிற்சியும் செய்வாள். முதல் மூன்று நான்கு மாதம் பள்ளியில் வாயே திறக்கமாட்டாள். என் மகனும் அப்படித்தான் இருந்தான். பிறகு ஒருநாள் பேருந்தில் அடுத்த இருக்கைப் பையனோடு சரளமாகச் சண்டை போட்டான், நான் திகைத்து உட்கார்ந்திருந்தேன். அந்த மாதங்களில் பதறிப்போய் வீட்டில் உங்களுக்கே வராத பிரெஞ்சில் அவளோடு பேசத் தொடங்காதீர்கள். வீட்டில் தமிழ் முழுதாக இருக்கட்டும். கதையும் கோபமும் கொஞ்சலும் தமிழிலேயே நடக்கட்டும். தமிழில் கெட்டியாகச் சிந்திக்கும் பிள்ளைக்கு இரண்டாவது மொழி அதன் மேல் உட்காரும். கணக்கில் ஒரு சின்ன எச்சரிக்கை: அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. வகுத்தல் கணக்கில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதுவார்கள். 1க்கு மேலே கூரை, 7க்கு நடுவே கோடு. இதை இங்கேயே காட்டிவிட்டால் முதல் வாரம் அழாமல் போகும்.

பையில் தினமும் ஒரு தொடர்புக் குறிப்பேடு வரும். அதில் ஆசிரியர் ஒட்டும் சீட்டு ஒவ்வொன்றையும் படித்து நீங்கள் கையெழுத்திட வேண்டும். புரியவில்லை என்றால் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படியுங்கள், ஆனால் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும், கணவர் இரவு வந்து போடட்டும் என்று விடாதீர்கள். மதிய உணவுக்கான கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வரும். உண்பதில்லை என்றால் முன்னதாக எழுதிக் கொடுங்கள், எந்த மாற்று கிடைக்கும் என்பது ஊருக்கு ஊர் வேறு. வாரத்துக்கு ஒருநாளாவது சைவ உணவு என்பது 2019 நவம்பரிலிருந்து வந்திருக்கிறது.

மருத்துவத்தில் இரண்டு செய்தி. காப்பீட்டு அட்டையான கார்த் வித்தால் வர மாதங்கள் ஆகும். அதுவரை மருத்துவர் தரும் பழுப்புத் தாள்களைத் தூக்கி எறியாமல் சேர்த்துவையுங்கள், பணம் பிறகு திரும்பி வரும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு பெ.எம்.ஈ. என்ற அரசுத் தாய்சேய் நிலையம் இருக்கிறது, காசு இல்லை. மகனை முதல் மாதமே அங்கே காட்டுங்கள். 2018 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பல தடுப்பூசிகள் கட்டாயம். அவற்றில் மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி நம் அரசு அட்டவணையில் இல்லை. அவர்களே போட்டுவிடுவார்கள், அதற்கு அவகாசமும் உண்டு. அவசரத்துக்கு 15, தீயணைப்புக்கு 18. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. கேள்வியில் நீங்கள் இதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். போகும் குடும்பங்களில் கணவருக்கு அலுவலகம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. மூவரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு எந்த ஏற்பாடும் இருப்பதில்லை. டிசம்பரில் பாரிஸில் பொழுது விடிய எட்டே முக்கால் ஆகும், மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். வங்கிக் கணக்கு கணவர் பெயரில், கைப்பேசி எண் கணவர் பெயரில், கடிதமும் அவருக்கே வரும். தன் பெயரை யாரும் கூப்பிடாமல் ஆறு மாதம் கழிந்தால் கெட்டிக்காரப் பெண்ணும் மெல்ல மெல்ல ஒடுங்கிப்போவாள். கணக்குத் தணிக்கைக்குப் பேர்போன ஒருத்தி, தபால் தலை வாங்கக் கணவருக்காகச் சனிக்கிழமை வரை காத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அதனால் உங்களுக்கென்று மூன்று ஏற்பாடுகள். இன்றே பிரெஞ்சு தொடங்குங்கள். நம் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889இலிருந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. புறப்பட மூன்று மாதம் இருந்தால் முதல் நிலைக்கு அது போதும். அங்கே போனதும் மேரியிலும் அக்கம்பக்கத்துச் சங்கங்களிலும் குறைந்த கட்டணத்துக்கோ இலவசமாகவோ நடக்கும் மொழி வகுப்பில் செப்டம்பரிலேயே பெயர் கொடுங்கள், அக்டோபரில் இடம் நிரம்பிவிடும். இரண்டாவது, உங்கள் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்கு, அல்லது இருவர் பெயரிலும் ஒன்று. மூன்றாவது, கணக்கர் வேலைக்கான பட்டச் சான்றுகளையும் அனுபவச் சான்றையும் பெட்டியின் அடியில் போடாமல் கைப்பையில் எடுத்துப் போங்கள். அவற்றையும் மொழிபெயர்க்கக் கொடுங்கள். ஓராண்டு கழித்துத் தேடுவதைவிட முதல் மாதமே அவை மேசை மேல் இருப்பது நல்லது.

ஊர் நினைவு தாங்காத நாளில் லா ஷப்பெல் போங்கள். கார் தியு நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஃபோபூர் சேன் தெனி தெருவில் ஏறினால் முருங்கைக்காய், வாழைப்பூ, புடவை, தாலிக்கொடி எல்லாம் தமிழில் பேரம் பேசி வாங்கலாம். பெரும்பாலும் ஈழத்தமிழர் கடைகள். அவர்கள் "கதைக்கிறோம்" என்றால் பேசுகிறோம் என்று பொருள். நம்மை அன்போடு பாண்டிச்சேரி ஆள்கள் என்பார்கள். பக்கத்தில் பழோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது, 1985இல் நிறுவப்பட்டது. கோடை முடிவில் தேர் வெளிவரும்போது தெருவெங்கும் தேங்காய் உடைபடும். நீங்கள் போய்ச் சேரும் சமயம்தான் அது. பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

எடுத்துப் போகும் உணவில் ஒரு கண்டிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப்பையில் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக்கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல். தேங்காய்க்கு 2019 டிசம்பரில் வந்த விதியிலேயே விலக்கு இருக்கிறது. கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, ஆனால் வீட்டில் வறுக்கும் நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். கட்டாயம் எடுத்துப் போக வேண்டியது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் வெந்தயமும் சேர்த்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி மாடியில் காயவைத்த அந்த உருண்டைதான், பிரெஞ்சுச் சமையல்காரர்கள் வாயில் 'வதுவான்' ஆகி அங்கே புட்டியில் விற்கிறது. ஆனால் புட்டியில் இருப்பது நம் வீட்டு வாசம் தராது. இந்தக் கோடை வெயில் முடிவதற்குள் உங்கள் அம்மாவைப் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அம்மாவோடு பேசும் நேரத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள், அப்போது நாலரை ஆகும். லாஸ்பேட்டையில் இரவு ஒன்பது அடிக்கும்போது உங்களுக்கு மாலை நாலரை, பல பள்ளிகளில் பிள்ளைகள் வெளியே வரும் நேரம். வாசலில் நின்றபடியே கூப்பிடலாம். கடவுச்சீட்டுகளையும் பிறப்புச் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு இந்த ஞாயிறு மாலை வீட்டுக்கு வாருங்கள், பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.